கேட்காமல் ஏறெடுத்த ஸ்தோத்திரம்

அத்தியாயம் 14

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் எனக்கு இன்பத்தின் மேல் கோபம். "பெற்றவள் மனசு பெற்றவளுக்குத்தான் தெரியும்" என்று வாராவாரம் எனக்குக் கார்டு போடும் வாசகிகள் இந்த வாரமும் போடலாம். இதைப் படித்து முடித்துவிட்டுப் போடுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. விருதுநகர் தேவாசீர்வாதம் சார் கணக்கு வாத்தியார். அவர் மனைவி இன்பம், அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவள். ஒரே மகள் ஸ்வீட்டி. சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில், அவர்கள் பாஷையில் பர்ன்ஸ் வார்டில், ஸ்டாஃப் நர்ஸ். அந்த வார்டுக்காக ஒரே ஒரு நர்ஸைச் சென்னைக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பப் போகிறார்கள். அந்த இடம் ஸ்வீட்டிக்குத்தான் என்று மேட்ரன் செல்லத்தாய் சொன்னதைப் போன வாரம் கேட்டோம். ஸ்வீட்டி துள்ளிக்கொண்டு வீட்டில் வந்து சொன்னபோது, இன்பம் ஒரு வார்த்தையும் பேசாமல் வெங்காயம் உரிக்கப் போனாள். அப்போதே நமக்கு உறைத்திருக்க வேண்டும்.

இனி ஞாயிற்றுக்கிழமை.

சனிக்கிழமை ராத்திரி டியூட்டி முடித்த ஸ்வீட்டி, காலையில் சிவகாசியில் பஸ் ஏறி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகச் சர்ச்சுக்கு, அவர்கள் பேச்சில் கோவிலுக்கு, வந்தாள். தீபாவளி சீசன். ஞாயிறு என்றும் பாராமல் வழி முழுக்க லோடு லாரி. பஸ் ஊர்ந்து வந்து சேர்ந்தபோது பிரசங்கமே முடிந்துவிட்டது. பெண்கள் பக்கம் கடைசிப் பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். கண் எரிந்தது. அறிவிப்பு வாசிக்கிற நேரம்தானே என்று தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள்.

போதகர் ஐயா வாசித்தார். "நம் சபையைச் சேர்ந்த திரு. தேவாசீர்வாதம், திருமதி இன்பம் தம்பதியரின் குமாரத்தி செல்வி ஸ்வீட்டியைக் கர்த்தர் தீக்காய வார்டிலிருந்து விடுதலையாக்கி, டயாலிசிஸ் பிரிவிலே பணியமர்த்தியபடியால், குடும்பத்தார் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் ஏறெடுக்கிறார்கள். இன்று மாலை அவர்கள் இல்லத்தில் ஸ்தோத்திரக் கூட்டம் நடைபெறும்."

அந்தச் சபையில் நாலு ஸ்வீட்டி உண்டு. வேறு எவளோ என்று நினைக்கப் பார்த்தாள். ஆனால் நாலு தேவாசீர்வாதம் வாத்தியார் கிடையாதே! முன்வரிசைப் பெண்கள் எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களுக்கு நடுவே இன்பத்தின் பட்டுப்புடவை முதுகு மட்டும் திரும்பவே இல்லை.

இந்த வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளை பாஸானாலும் ஸ்தோத்திரம், விசா வந்தாலும் ஸ்தோத்திரம், கிட்னியில் கல் கரைந்தாலும் ஸ்தோத்திரம். நல்ல பழக்கம்தான். நன்றி சொல்வதில் என்ன குறை? விசுவாசம் கூடிப்போன சிலர் மட்டும் காரியம் நடக்கும் முன்பே நன்றி சொல்லிவிடுவார்கள். சபை முன்னால் சொன்னதைத் திரும்ப வாங்கியவர் இதுவரை யாரும் இல்லை. இன்பம் நம்பியது அதைத்தான்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் ஒரே கூட்டம். நர்ஸ் இல்லாத வீடு அந்தச் சபையில் குறைவு. எந்த வார்டில் நின்றால் எந்த நாடு கூப்பிடும், எப்படி மாப்பிள்ளை வருவான் என்பது அங்கே ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"டயாலிசிஸ்னா ராணி மாதிரி இருக்கலாம்ட்டி. ஏ.சி. ரூம். ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கோ, குவைத்துக்காரன் கொத்திட்டுப் போயிருவான்."

"ஆப்பரேஷன் தியேட்டர்ல மட்டும் மாட்டிக்கிடாத. எங்க மருமக நின்னு நின்னு கால்ல நரம்பு சுருண்டு கிடக்கா."

"பிரசவ வார்டும் வேண்டாம்மா. புள்ளைக அம்புட்டும் ராத்திரிலதான் பிறக்கும்."

"ஐ.சி.யூ.வுக்கு அயர்லாந்துல நல்ல மவுசாம். டயாலிசிஸ் முடிச்சிட்டு அங்கிட்டுத் தாவிரு."

"எப்படியோ அந்த நாத்தத்துல இருந்து கர்த்தர் தூக்கிவிட்டாரு. இனிமே தைரியமா மாப்பிள்ளை பாக்கலாம்."

உனக்கு எந்த வார்டு பிடிக்கும் என்று ஒருத்தியாவது கேட்டாளா? கேட்கவில்லை. ஸ்வீட்டி பைபிளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். அவளுக்கு வந்த கோபத்தில் வாயைத் திறந்திருந்தால் அந்த மரத்தடியில் பாதிப் பேர் அதற்குப் பிறகு கோவிலுக்கே வந்திருக்க மாட்டார்கள்.

வீட்டு வாசலில் வைத்தே ஆரம்பித்துவிட்டாள்.

"யாரைக் கேட்டும்மா செஞ்சீக?"

"செருப்பைக் களத்திட்டு உள்ள வா. தெருவுல நின்னு கத்தாத."

"கத்தத்தான் போறேன். கோயில்ல மைக்குல சொன்னீகள்ல? தெருவும் கேக்கட்டும்."

இன்பம் மகளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். "வியாளக்கிழமை போய்ச் செல்லத்தாயைப் பாத்தேன். அவ என்கூட நர்ஸிங் படிச்சவ, எனக்காக ஒத்துக்கிட்டா. புதன்கிழமையில இருந்து நீ டயாலிசிஸ்."

"என்னன்னு சொன்னீக அவுககிட்ட?"

"உனக்கு மனசு மாறிப்போச்சு, நேர்ல சொல்லக் கூச்சப்படுறன்னு சொன்னேன்."

"பொய்!"

"ஆமா, பொய்தான். என்ன இப்ப?" இன்பம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அந்த வார்டு உனக்கு எப்படி வந்துச்சு? கேட்டா வாங்குன? ஒரு டாக்டரை எதிர்த்துப் பேசுனன்னு தண்டனையாப் போட்டாக. அங்கன தப்புப் பண்ணுன நர்ஸை எல்லாம் பர்ன்ஸுக்குத்தானே தள்ளுறாக? வெளிய வாடின்னு கதவைத் திறந்துவிட்டா, வரமாட்டேன்னு உள்ளயே உக்காந்திருக்க. உனக்குப் புத்தி இருக்கா?"

"போடும்போது தண்டனைதான். இப்ப அது என் வேலை." ஸ்வீட்டி கையிலிருந்த பைபிளை மேஜையில் வைத்தாள். "அச்சங்குளத்து மாரித்தாயைப் பத்திச் சொன்னேன்ல? தீக்காயம் நல்லா ஆறிருச்சு. ஆனா நாலு விரலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடுச்சு. சோத்தை அள்ள முடியல அவளால. மக ஊட்டிவிடுது. காயம் ஆற ஆறவே விரலைப் பிரிச்சு வச்சுக் கட்டணும், தினமும் மடக்கி நீட்டிவிடணும். அதை ஒளுங்காச் செய்ய எங்க வார்டுல ஒருத்தருக்கும் முளுசாத் தெரியாது, எனக்கும் தெரியாது. அதைப் படிக்கத்தான் போறேன்னு சொன்னேன். வெங்காயம் உரிக்கப் போயிட்டீக!"

"டயாலிசிஸ்ல மட்டும் மனுசரு இல்லையா?"

"இருக்காக. அது மட்டமான வேலைன்னு நான் சொல்லவே இல்லை. அதை ஆசைப்பட்டுக் கேக்குற பிள்ளைக்குக் குடுங்க. எனக்கு ஏன் கட்டிவைக்கிறீக?"

தேவாசீர்வாதம் சார் இந்த நேரத்தில் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு சட்டையை மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவையும் எடுத்துக்கொண்டார்.

"அப்பா. உங்களுக்குத் தெரியுமா?"

"வியாளக்கிழமையே சொன்னா. நான் வேண்டாம்னுதான்..."

"யாருகிட்ட வேண்டாம்னு சொன்னீக?"

சார் தொண்டையைச் செருமினார். "மனசுக்குள்ள நெனச்சேம்மா."

ஐயா சாமி! வகுப்பில் ஒரு பையன் விடையை மனசுக்குள் நினைத்தேன் என்று சொன்னால் இந்த வாத்தியார் மார்க் போடுவாரா? வீட்டில் மட்டும் இப்படி. நானாக இருந்தால் அந்தச் சட்டையை ஆணியோடு பிடுங்கி எறிந்திருப்பேன்.

இன்பம் விடவில்லை. "நீ வயிறு நெறையச் சாப்பிட்டு எம்புட்டு நாளாச்சு? கறி வதக்குனா எந்திருச்சு வெளிய போயிர்ற. தூக்கத்துல 'கையைக் காட்டுங்க, கையைக் காட்டுங்க'ன்னு பொலம்புற. உனக்குத் தெரியாது, பக்கத்துல படுத்திருக்கிற எனக்குத் தெரியும். என்னை எங்க ஆஸ்பத்திரில வார்டு வார்டாப் பந்தாடுனாக, ஒண்ணுலயும் நிலைக்கவிடல. அதனால எல்லா வார்டு சிஸ்டர்மாரையும் பாத்திருக்கேன். பர்ன்ஸ்ல ரொம்ப நாள் கிடந்தவுகளையும் பாத்திருக்கேன். பாதிப் பேரு சிரிக்கவே மறந்துட்டாக. என் பிள்ளையும் அப்படி ஆகணுமா?"

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். முழுக்கக் கெட்டவளாக இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போகலாம்.

ஸ்வீட்டி இந்தத் தடவை கத்தாமல் சொன்னாள்.

"பொலம்புறது நிஜம்தான். சாப்பாடு இறங்காததும் நிஜம்தான். இதை என்கிட்டச் சொல்லியிருந்தா நானும் அளுதிருப்பேன், ரெண்டு பேரும் உக்காந்து பேசியிருப்போம். நீங்க மேடத்துகிட்டச் சொன்னீக. ஐயாகிட்டச் சொன்னீக. கர்த்தர்கிட்டகூடச் சொல்லிட்டீக. நான் ஒருத்திதானே பாக்கி?"

இன்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஸ்தோத்திரம் பண்ணியாச்சு. ஊரே கேட்டாச்சு. இனி இல்லைன்னா நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு அந்தக் கோயிலுக்குள்ள நுளைவேன்? சாயங்காலம் செல்லத்தாயும் வாறா. பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கலேன்னாலும் பரவாயில்ல, வாயை மூடிக்கிட்டு நில்லு."

பகல் முழுக்க ஸ்வீட்டி மேட்ரனின் செல்போனுக்குத் திரும்பத் திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. கேசரிக்கு ரவை வறுபடும் வாசனை அறைக்குள் வந்தது. யாருடைய சந்தோஷத்துக்கு இந்த இனிப்பு என்று நினைக்க நினைக்க அவளுக்குத் தலை விண் விண்ணென்று தெறித்தது. ராத்திரி டியூட்டி பார்த்த உடம்பு, ஆனாலும் கண்ணை மூடவில்லை.

சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. பெண்களுக்குப் பாய், ஆண்களுக்குப் பக்கத்து வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி. செல்லத்தாய் கடைசியாக வந்து இன்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நெற்றியில் பெரிய பொட்டு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். ஸ்வீட்டி அவளை நோக்கி இரண்டு எட்டு எடுத்து வைப்பதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. பாட்டு, ஜெபம், வேதவாசிப்பு. எல்லாம் முறைப்படி நடந்தது.

"இப்போ நம் மகள் ஸ்வீட்டி எழுந்து, கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சியா சொல்லட்டும்" என்றார் போதகர்.

இதை இன்பம் யோசிக்கவில்லை பாருங்கள்! ஊரைக் கூட்டினாள், கேசரி கிண்டினாள், ஆனால் யாருக்காக ஸ்தோத்திரமோ அவர்கள் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும் என்பதை மறந்துவிட்டாள். ஸ்வீட்டி எழுந்தாள். இன்பம் அவள் தாவணியை... இல்லை, துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். எந்தக் காலத்து நினைப்போ எனக்கு. ஸ்வீட்டி அதை உருவிக்கொண்டு நின்றாள்.

"சாட்சின்னா நடந்ததைத்தான் சொல்லணும்ங்கய்யா. காலையில வாசிச்சது நடக்கல. நான் டயாலிசிஸ் கேக்கல. கேக்காமலே எனக்கு மாத்தி வாங்கியிருக்காக."

இன்பம் மறுபடி துப்பட்டாவுக்குக் கை நீட்டினாள்; ஸ்வீட்டி ஓர் எட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.

"விடுதலையாக்கினாருன்னு வாசிச்சீக. நான் அங்கன அடைபட்டுக் கிடக்கல. வேலை பாக்குறேன். கஷ்டமான வேலை. சில நாள் வீட்டுக்கு வந்து சோறு இறங்காது. அதுக்காக அந்த வேலையை நான் வெறுக்கல. நாளைக்கு ஒரு வீட்டுல யாருக்காச்சும் கை வெந்து வந்தா, அந்த விரலைக் காப்பாத்தத் தெரிஞ்ச நர்ஸு ஒருத்தியாவது சிவகாசியில இருக்கணும். அது நானா இருக்கணும்னு எனக்கு ஆசை. அம்புட்டுதான் என் சாட்சி."

சொல்லிவிட்டு உட்காரவில்லை. நேராகச் செல்லத்தாயைப் பார்த்தாள்.

"மேடம், அம்மா சொன்னது என்னைக் கேக்காமச் சொன்னது. நாளைக்கு என் பேரைச் சென்னைக்கு அனுப்பிருங்க."

செல்லத்தாய் மடியில் வைத்திருந்த பாட்டுப் புத்தகத்தை மூடினாள்.

"எந்தப் பேரைம்மா அனுப்ப? நீ வரலேன்னு தெரிஞ்சதும் ஒவ்வொருத்தியாக் கூப்பிட்டுக் கேட்டேன். ஐ.சி.யூ., தியேட்டர், குழந்தை வார்டு, ஒருத்தி விடல. பர்ன்ஸான்னு கேட்டதும் எல்லாவளும் கையெடுத்துக் கும்பிட்டுட்டா. நேத்து நம்ம ஆஸ்பத்திரி எம்.டி. காசிராஜன் டாக்டருகிட்டப் போய்ச் சொன்னேன். யாருக்கும் வேண்டாம்னா விடுங்கன்னு சொல்லி, அங்கனயே சென்னைக்குப் போன் போட்டாரு. எங்களுக்கு இடமே வேண்டாம்னுட்டாரு."

"வேண்டாம்னா?"

"நாளைக்கு வேற ஊரு ஆஸ்பத்திரிக்குக் குடுத்துருவாக."

ஸ்வீட்டி அப்படியே நின்றாள். தன் இடம் போனது ஒரு பக்கம். அந்த வார்டுக்கே இனி யாரும் படித்து வரப்போவதில்லை என்பது மெல்ல மெல்ல அவளுக்கு ஏறியது.

முதலில் வெடித்தது இன்பம்தான். "ஏ செல்லத்தாயி! என் பிள்ளையை மாத்தித் தான்னு கேட்டேன். சீட்டையே தூக்கிக் குடுக்கச் சொன்னேனா?"

"கத்தாத இன்பம்! 'என் மகளைக் காப்பாத்து, அவளுக்குப் பதில் யாரையாச்சும் போட்டுக்கோ'ன்னு நீதானே வந்து நின்ன? யாரையாச்சும்னா யாரை? அடுத்தவ பெத்த பிள்ளையையா? அவளுகளும் வேண்டாம்னுட்டாளுக. இப்ப என்னைக் கேட்டா?"

எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும், அந்த நிமிஷம் இன்பத்தின் முகத்தைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

"எம்.டி. வீட்டுலதானே இருப்பாரு மேடம்?" என்றாள் ஸ்வீட்டி.

"இருப்பாரு. ஆனா காசிராஜன் டாக்டரு சொன்ன சொல்லை லேசுல மாத்துற ஆளு இல்லம்மா. ஞாயித்துக்கிளமை வீட்டுக்கு வந்தாலே கத்துவாரு."

"கத்தட்டும். நானும் கத்துவேன்." ஸ்வீட்டி வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள்.

செல்லத்தாய் முட்டியில் கையை ஊன்றி எழுந்தாள். "நில்லு, நானும் வாறேன். நான் போய் வேண்டாம்னு சொன்னதுக்கு, நானே வந்து வேணும்னு சொல்லணும். உன்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் நான்" என்று முணுமுணுத்தபடி பின்னாலேயே போனாள். தேவாசீர்வாதம் சார், செருப்பைப் போட்டும் போடாமலும், ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினார். அந்த மட்டிலும் மனசுக்குள்ளேயே ஓடவில்லை.

இன்பம் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "நானும் வாறேன் ஸ்வீட்டி. டாக்டர்கிட்ட நான் சொல்றேன், தப்பு என் மேலதான்னு."

ஸ்வீட்டி திரும்பினாள். "வேண்டாம்மா. எனக்காக நீங்க பேசுனது போதும்."

ஆட்டோ கிளம்பிப் போயிற்று. கூடத்தில் இருந்தவர்களுக்கு எழுந்து போவதா இருப்பதா தெரியவில்லை. கேசரித் தட்டுகள் அப்படியே இருந்தன. இன்பம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றாள்.

போதகர் மெல்ல எழுந்தார். கூட்டத்தை ஜெபத்தோடு முடிக்காமல் கலைக்க முடியாது. "அம்மா, முடிவு ஜெபம் பண்ணணும். பிள்ளைக்காக என்னன்னு கேட்டு ஜெபிக்கட்டும்?"

இன்பம் நிலையை விட்டுக் கையை எடுக்காமலே திரும்பினாள்.

"எனக்குத் தெரியலய்யா. அவ வரட்டும், அவகிட்டக் கேளுங்க."